டேங்கின் அடியில் தங்கும் கசடு

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான தேசிய நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைத் தாண்டி, நெக்குந்தி சுங்கச் சாவடியையும் கடந்து, இடப்புறம் ஏலகிரி மலை கூடவே வர, நாட்றம்பள்ளி வழியாக இரவும் பகலும் இரு திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களுக்கு, ஆம்பூர்ச் செருப்புப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குச் சுமக்கும் கன்டெய்னர் லாரி முதல் கல்யாண கோஷ்டியை ஏற்றிய வாடகை வேன் வரையில், பொதுவான சங்கதி ஒன்று உண்டு. அவை ஒவ்வொன்றிலும் ஓர் எரிபொருள் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்பதை உடைமைக்காரர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

டேங்கில் அழுக்கோ தண்ணீரோ சேர்ந்தால் எஞ்சின் கெட்டுப்போகுமா என்ற விவாதம் இந்தச் சாலையோர மெக்கானிக் ஷெட்டுகளில் ஓய்வதேயில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர், மண்ணெண்ணெயை ஊற்றியும் ஓட்டியிருக்கிறேன், பேரலின் அடிவண்டலைத் துணியில் வடிகட்டி ஊற்றியும் ஓட்டியிருக்கிறேன், எந்த எஞ்சின் செத்தது என்று கேட்பார். தவணையில் புதுக் கார் வாங்கிய இளைஞரோ, பங்க்கில் மூடியைத் திறக்கும் வேளையில் காற்றில் தூசி பறந்தாலே பதறுகிறார். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரியவர் சொல்வது அவர் ஓட்டிய வண்டிக்குச் சரி, அந்த வண்டி இப்போது சாலையில் இல்லை. தொட்டியிலுள்ள கசடு நேராக எஞ்சினுக்குள் சென்று அதைக் கொல்வது அபூர்வம். எஞ்சினுக்கு முன்னால் காவல் நிற்கும் பம்ப்பையும் இன்ஜெக்டரையும்தான் அது முதலில் கெடுக்கிறது. ஆனால் இன்றைய வாகனங்களில் அந்தக் காவல் உறுப்புகள் அத்தனை நுட்பமாகவும் அத்தனை விலையுயர்ந்தவையாகவும் ஆகிவிட்டபடியால், அவை கெட்ட செலவுச் சீட்டைக் கையில் வாங்கும் மனிதருக்கு எஞ்சினே போயிருந்தால்கூடப் பெரிய வித்தியாசம் தெரியாது.

கசடு என்பது எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில், லாரி வேலை பார்க்கும் ஷெட் ஒன்றில் அரைமணி நேரம் நின்றால் போதும். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் பிடிப்பார்கள். முதலில் வருவது டீசலாகவே தோன்றும். பாட்டிலை ஓரமாக வைத்துச் சற்றுப் பொறுத்தால், வைக்கோல் நிறமுள்ள டீசல் மேலேயும், நிறமற்ற தண்ணீர் கீழேயும் பிரிந்து நிற்க, இரண்டும் சந்திக்கும் கோட்டில், ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஆடையைப் போலக் கருஞ்சிவப்பான ஒரு படலம் மிதப்பது தெரியும். பாட்டிலைச் சாய்த்தால் அந்தப் படலம் உடையாமல் கூடவே சாயும். மெக்கானிக்குக்கும் டிரைவருக்கும் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் இந்த ரீதியில்தான் இருக்கும்:

“எத்தன நாளாச்சுண்ணா இந்தத் திருகத் தொறந்து?”

“ஓடிக்கினுதான்டா இருந்துச்சு, தம்பி. பர்கூர் ஏத்தத்துலதான் இழுக்கல.”

“சமமான ரோட்ல ஓடும்ணா. ஏத்தத்துல அது கேக்குற டீசல் வந்து சேரணும் இல்ல?”

இந்தக் கடைசிப் பதிலில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. அடைபட்ட ஃபில்டர் சமதரையில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. குறைந்த சுமையில் எஞ்சின் கேட்கும் சொற்ப எரிபொருளை அது எப்படியோ கசியவிட்டுக் கொடுத்துவிடுகிறது. கிருஷ்ணகிரியை நோக்கிச் சாலை உயரும்போதோ, பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தும் வண்டி மூச்சுவாங்கி நின்றால், மற்றவற்றைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைச் சந்தேகிப்பதே உசிதம்.

அந்தக் கருஞ்சிவப்புப் படலம் உயிருள்ளது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லைக்கோட்டில், எண்ணெயை உணவாகவும் தண்ணீரை வசிப்பிடமாகவும் கொண்டு வளரும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பல உண்டு. அவற்றுள் பிரசித்தமான ஒன்றுக்கு ஹார்மோகோனிஸ் ரெசினே என்று பெயர். விமானத் தொட்டிகளிலும் மண்ணெண்ணெய்த் தொட்டிகளிலும் வளர்ந்து பழகியதால் மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் அதை அழைப்பார்கள். அது வளரும் இடத்தில் அமிலத்தைக் கழிக்கிறது. அமிலம் இரும்பை அரிக்கிறது. அரித்த துரு மீண்டும் கசடாகச் சேர்கிறது. தண்ணீர் இல்லாத தொட்டியில் இவற்றுக்கு வாசமில்லை. ஆகவே டீசல் தொட்டியில் அழுக்கு என்ற விவகாரத்தை எங்கே தோண்டினாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து முடிகிறது.

தண்ணீர் எவ்வாறு வந்து சேர்கிறது? பாதி காலியான தொட்டியின் மேற்பகுதியை நிரப்பியிருக்கும் காற்றில் ஈரம் இருக்கிறது. இரவு குளிர்ந்ததும் அது தகட்டில் வியர்த்து, துளியாகி, எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்குகிறது. இதைவிடத் தாராளமான வழிகளும் உண்டு. நம் தோல் வட்டாரத்துக்கு நன்கு பழக்கமானது பேரல். 2008-ம் ஆண்டை ஒட்டித் தொடங்கிச் சில வருஷங்கள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளில் பதனிடும் டிரம்கள் நில்லாமல் சுழலவேண்டி ஜெனரேட்டர்கள் ஓடின. அவற்றுக்கான டீசல் பேரல்கள் கொல்லைப்புறத்து வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்கப்பட்டன. நிமிர்ந்து நிற்கும் பேரலின் தலைத்தகடு விளிம்புக்குள் பள்ளமாக இருப்பதால் மழைநீர் அங்கே தேங்கும். பகலில் வெயிலுக்கு உப்பிய உள்காற்று இரவில் சுருங்கும்போது, சற்றே தளர்ந்த மூடியின் மரையிடுக்கு வழியாக அந்த நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, தண்ணீர் எப்படிப் போயிற்று என்று வாட்ச்மேனைச் சந்தேகித்த முதலாளிகள் உண்டு. பேரலைப் படுக்க வைத்து, இரு மூடிகளும் உள்ளிருக்கும் எண்ணெயின் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி திருப்பிவிட்டால் இந்த உபத்திரவம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தோலைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய சம்பந்தத்தையும் சொல்லவேண்டும். மோட்டார் கார் புதிதாக வந்த காலத்தில், டின்களில் வாங்கிய பெட்ரோலைத் தொட்டியில் ஊற்றும் புனலின் வாயில் ஷாமி தோலைக் கட்டுவது வழக்கமாயிருந்தது. ஆட்டுத்தோலின் சதைப்புறத்துப் பிளவுக்கு மீன் எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்திய மெல்லிய, மென்மையான அந்தத் தோலை முதலில் பெட்ரோலில் நனைத்துவிட்டால், அது பெட்ரோலைத் தன் வழியே விட்டுத் தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும். துருவும் மணலும் அதிலேயே தங்கும். ஆகாய விமானத்துக்கும் இவ்வாறே வடிகட்டி ஊற்றினார்கள். ஃபில்டர் என்ற சாதனம் காகிதமாகவும் செயற்கை இழையாகவும் மாறுவதற்கு முன்னால் அது ஒரு துண்டுத் தோலாக இருந்தது என்பதில் இந்த வட்டாரத்தார் கொஞ்சம் பெருமை கொள்வதில் தவறில்லை.

எரிபொருளிலுள்ள அழுக்கு உண்மையாகவே சிலிண்டருக்குள் புகுந்து எஞ்சினை அராவிய காலமும் ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, சென்னை மாகாணத்துப் பஸ்கள் பலவும் பின்புறத்தில் ஒரு கொப்பரையைக் கட்டிக்கொண்டு, அதில் கரியைப் புகைத்து வந்த வாயுவில் ஓடின. ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதும், கிளீனர் பையன் கரிபடிந்த முகத்தோடு விசிறியைச் சுற்றியதும் அந்தத் தலைமுறையின் ஞாபகத்தில் இருந்த காட்சிகள். கரிவாயுவுடன் வந்த நுண்சாம்பல் எந்த வடிகட்டிக்கும் முழுதாக அடங்காமல் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்தது. தார் வால்வுகளில் ஒட்டியது. திரவ எரிபொருளில் இந்த அபாயம் குறைவு. தொட்டியில் விழும் மணல், உறிஞ்சுகுழாயின் வலையில் கொஞ்சமும் ஃபில்டரில் மிச்சமுமாகப் பிடிபட்டுவிடும். எஞ்சினை மணல் தேய்க்கிறதென்றால் பெரும்பாலும் அது கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றோடு வந்த மணல். அநியாயமாக டேங்க்கின் மேல் பழி விழுகிறது.

பெரியவரின் பழைய லாரிக்கு வருவோம். 1951-ல் நிறுவப்பட்ட மைக்கோ கம்பெனியின் பம்ப்பும், சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும் நாசிலும், இந்த நாட்டு டீசல் வாகனங்களை இரண்டு தலைமுறைக்காலம் ஓட்டின. அந்தப் பம்ப்பும் நுட்பமானதுதான், ஆனாலும் பொறுமையுள்ளது. அழுக்கு போனால் புகை தள்ளும், இழுவை குறையும். நாசிலைக் கழற்றிக் கழுவிச் சோதித்துத் திரும்பப் பூட்டினால் மன்னித்துவிடும். இப்போது காரிலும் லாரியிலும் இருக்கும் காமன் ரெயில் முறையிலோ டீசல் 1600 முதல் 2000 பார் வரையிலும், அதற்கு மேலும், அழுத்தப்படுகிறது. காற்றுமண்டலம் நம்மீது சுமத்தும் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு அது. அத்தனை அழுத்தத்தில் எண்ணெய் கசிந்துவிடாதிருக்க வேண்டுமானால், இன்ஜெக்டருக்குள் நகரும் உறுப்புகளின் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரானுக்குள் இருக்கவேண்டும். மனிதன் தலைமயிரின் கனமோ சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத ஒரு துருத்துகள் அங்கே பாறை. ஆகவேதான் ஃபில்டர்கள் நாலைந்து மைக்ரான் துகளையும் பிடிக்கும்படி செய்யப்படுகின்றன. ஆகவேதான் சந்தை விலைக்குப் பாதியில் கிடைக்கும் போலி ஃபில்டர் நெடுநாள் கணக்கில் நஷ்டமாக முடிகிறது.

இன்னொரு மாறுதலும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முந்தைய தரத்தில் ஐம்பது அனுமதிக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் கிரியையில் டீசலுக்கு இயற்கையாக இருந்த வழுவழுப்பும் பெரிதும் போய்விடுகிறபடியால், அதை ஈடுசெய்ய ரசாயனம் சேர்க்கிறார்கள். பம்ப்பின் உள்ளுறுப்புகளுக்கு மசகு வேறில்லை. தன்வழியே ஓடும் டீசல்தான். அங்கே தண்ணீரோ, பங்க்கில் கைதவறி ஊற்றப்பட்ட பெட்ரோலோ வந்தால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, பொடிந்த உலோகத்தூள் குழாய், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். அப்போது ஒன்றை மாற்றினால் போதாது. முழு வரிசையையும் மாற்றவேண்டும். சாவியைத் திருப்பாமல், தள்ளிக்கொண்டுபோய்த் தொட்டியை இறக்கிக் காலிசெய்தவர் சில ஆயிரத்தோடு தப்புகிறார். ஒரு கிலோமீட்டர் ஓடட்டும் பார்ப்போம் என்றவர் லட்சத்தைத் தொடுகிறார். யூரியாக் கரைசல் ஊற்றும் சிறு தொட்டி உள்ள புதிய லாரிகளில், அந்தக் கரைசலை டீசல் தொட்டியிலேயே ஊற்றிவிடும் அசம்பாவிதமும் நடக்கிறது. நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியா உள்ள அந்தத் திரவம், நீர் வற்றியதும் படிகமாக இறுகி எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிடும்.

காவல் உறுப்புகள் கெட்ட பிறகு எஞ்சினுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விதான் இந்த விவாதத்தில் பலரும் தவறவிடும் இடம். ஊசியளவு துவாரத்தில் ஒரு துகள் சிக்கி இன்ஜெக்டர் மூடாமல் நின்றுபோனால், டீசல் பனிப்புகையாகத் தூவப்படுவதற்குப் பதிலாகச் சொட்டுகிறது. சொட்டிய எண்ணெய் பிஸ்டனின் தலையில் ஒரே இடத்தில் எரிந்து எரிந்து, அலுமினியத்தை இளக்கிக் குழியாக்கி, நாளடைவில் ஓட்டையே போட்டுவிடும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கவேண்டிய எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலைத் தண்ணீராக்கும். பெட்ரோல் எஞ்சினில் இன்ஜெக்டர் பாதி அடைத்துக்கொண்டால் விபரீதம் வேறு: எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சிய கலவை அதிக உஷ்ணத்தில் எரிவதால், பாரம் இழுக்கும்போது வெளியேற்று வால்வு கருகலாம். தண்ணீர்த் துளி நேராக நாசில் முனைக்கு வந்துவிட்டாலோ, அங்குள்ள வெப்பத்தில் அது நொடியில் ஆவியாகி வெடித்து முனையையே பெயர்த்துவிடக்கூடும். டேங்க் அழுக்கால் எஞ்சின் போகாது என்று சொல்லும் நண்பர்கள் இந்த இரண்டாம் அங்கத்தைப் பார்க்காமல் எழுந்துபோனவர்கள்.

பெட்ரோலில் எத்தனால் சேர்ந்த பிறகு தண்ணீரின் நடத்தையும் மாறிவிட்டது. சில வருஷங்களுக்கு முன், நம் மாநிலத்துப் பங்க்குகள் சிலவற்றில், பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருப்பதாகவும், சிறிதளவு தண்ணீர் சேர்ந்தாலும் எத்தனால் தண்ணீராகவே மாறிவிடும் என்றும், வண்டி கழுவும்போதும் மழையிலும் ஜாக்கிரதையாக இருக்கும்படியும் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ரசாயனப்படி எத்தனால் ஒருபோதும் தண்ணீராக மாறுவதில்லை. எனினும் எச்சரிக்கையின் நோக்கம் சரியானதே. பழைய பெட்ரோலில் தண்ணீர் கலக்காமல் அடியில் தனியே கிடந்தது. எத்தனாலோ தண்ணீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. பத்து சதவீதக் கலவை ஏறத்தாழ அரை சதவீதம் வரை தண்ணீரை இவ்வாறு தாங்கும். அந்த வரம்பைத் தாண்டிய கணத்தில், தண்ணீர் மட்டும் பிரியாமல், எத்தனாலையும் பெட்ரோலிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு தனி அடுக்காக அடியில் இறங்கிவிடுகிறது. பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆகவே பங்க்காரர் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர் பாட்டிலில் காட்டும் திரவத்தில், மழைத்தண்ணீர் கொஞ்சமாகவும் எத்தனால் மிகுதியாகவும் இருக்கக்கூடும்.

பத்து சதவீத இலக்கை நாடு 2022 ஜூனில் எட்டியது. இருபது சதவீதப் பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் அறிமுகமாகி, 2025-ல் எங்கும் பரவிவிட்டது. அதையொட்டி எழுந்த கூச்சலில் எத்தனாலையே கலப்படம் என்று பேசியவர்கள் பலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அரசு அறிவித்துச் சேர்க்கும் பொருள் கலப்படமாகாது. அதனிடம் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவதும் மறைக்கவேண்டிய ரகசியமல்ல. ஆனால் பழைய வண்டிக்காரருக்கு இரண்டு நியாயமான கவலைகள் உண்டு: அக்காலத்து ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவையல்ல, தொட்டிச் சுவரில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிட, அது முதல் சில மாதங்களில் ஃபில்டரைத் தேடி வரும்.

கலப்படம் என்ற பெயருக்கு முழுத் தகுதியுள்ளது வேறு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால், அதன் கனமான பகுதி சிலிண்டரில் ஆவியாகாமல் வளையங்களின் வழியே கீழே வடிந்து எஞ்சின் ஆயிலைக் கெடுக்கிறது, ஆக்டேன் குறைவதால் எஞ்சின் தட்டுகிறது, நாக்கிங் என்கிறோமே அது, கரி படிகிறது, புகைக்குழாயிலுள்ள வினையூக்கி சீக்கிரம் பாழாகிறது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல வர்ணம் கலந்ததே இந்தத் திருட்டைக் கண்ணால் பிடிப்பதற்காகத்தான். மத்திய அரசின் மானியம் படிப்படியாக நின்றபின் அந்த லாபம் குறைந்தது. தோலிலுள்ள கொழுப்பை நீக்கவும், செருப்புப் பசையை இளக்கவும் நம் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் நேர்மையாகவே வாங்கிப் பயன்படுத்தும் கரைப்பான்களின் இனத்தைச் சேர்ந்தவை, வேறு இடங்களில் டேங்கர்களுக்குள் போய்ச் சேர்ந்த சரித்திரமும் உண்டு. மத்திய அரசு 2000-ம் ஆண்டில் கரைப்பான்களுக்கென்று பிறப்பித்த கட்டுப்பாட்டு ஆணையின் பெயரிலேயே, வாகனங்களில் அவற்றைப் பயன்படுத்துவதைத் தடுத்தல் என்ற வாசகம் இடம்பெற்றது.

இந்த வியாபாரத்தைத் தொட்டவர்கள் கொடுத்த விலை கொடூரமானது. லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாயிருந்த எஸ். மஞ்சுநாத், உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில் கலப்பட எரிபொருள் விற்ற பங்க்கின்மேல் நடவடிக்கை எடுத்ததற்காக, 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 27. மாலேகாவின் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே, 2011 ஜனவரி 25 அன்று, மன்மாட் அருகே எண்ணெய்த் திருட்டை நேரில் கண்டு படம் எடுக்க முற்பட்டபோது உயிரோடு எரிக்கப்பட்டார்.

இனி, சர்க்கரை. பகையாளியின் கார் டேங்க்கில் சர்க்கரையைக் கொட்டினால் எஞ்சின் பாகாகி இறுகிப்போகும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துத் தடயவியல் பேராசிரியர் ஜான் தார்ன்டன், கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சர்க்கரையைப் பெட்ரோலில் கலந்து சோதித்ததில், ஒரு காரின் முழுத் தொட்டியிலும் ஒரு தேக்கரண்டிகூடக் கரையாது என்று கண்டார். கரையாத சர்க்கரை அடியில் கிடந்து மணலைப்போல வலையை அடைக்கும், அவ்வளவே. தொட்டியில் எரிபொருள் குறைந்தால் பம்ப் அடிவண்டலை உறிஞ்சிவிடும் என்பதும் இதே ரகம்: நிறைந்த தொட்டியிலும் அது அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ரிசர்வில் ஓட்டாதீர்கள் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சாரப் பம்ப் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்து, சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்ச்சி அடைகிறது.

கலப்படக்காரன் யாருமில்லாமலே, நல்ல பங்க்கிலும், பெரிய மனிதருக்கும் டேங்க்கில் தண்ணீர் சேர நேரும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் சாட்சி. 2025 ஜூன் 26 இரவு, மறுநாள் முதலமைச்சர் மோகன் யாதவின் பயணத்துக்காகத் தயாராயிருந்த அணிவகுப்பு வாகனங்கள் டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்பிச் சற்றுத் தூரத்திலேயே ஒவ்வொன்றாக நின்றன, மொத்தம் 19. தொட்டிகளை இறக்கிப் பார்த்ததில் டீசலோடு தண்ணீர் கொட்டியது. மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்திருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. பங்க்குக்கு முத்திரை வைத்தார்கள். இந்தூரிலிருந்து வேறு வண்டிகள் வந்தன. சாதாரணப் பிரஜையின் ஒற்றைக் கார் நின்றிருந்தால், அவருடைய வண்டியில்தான் கோளாறு என்று சாதித்திருப்பார்கள். ஒரே பங்க்கில் நிரப்பிய பத்தொன்பதும் நின்றதால் வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

தண்ணீரும் துருவும்தான் கசடு என்று நினைத்துவிடக்கூடாது. 2007 பிப்ரவரி இறுதியில் இங்கிலாந்தின் தென்கிழக்கே ஆயிரக்கணக்கான கார்கள் உதறி, இழுவை இழந்து ஒர்க் ஷாப்புகளில் குவிந்தன. பெட்ரோலில் சிலிக்கான் கலந்திருந்தது. அது எரிந்து புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் உணரியின்மேல் பூச்சாகப் படிந்து தவறான அளவைக் காட்டச்செய்ய, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் அதை நம்பிச் சக்தியைக் குறைத்துவிட்டது. 2022-ன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் விற்ற கப்பல் எண்ணெயில் குளோரின் கலந்த சேர்மங்கள் அளவுக்கு மீறி இருந்தமையால், அதை வாங்கிய சுமார் 200 கப்பல்களில் 80 வரை பம்ப்பும் எஞ்சினும் பழுதுபட்டதாகப் புகார் வந்தது. இவை எதுவும் ஃபில்டரில் பிடிபடும் ஜாதியல்ல. எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்து வருபவை. வடிகட்டியே அழுக்கான கதையும் ஒன்று இருக்கிறது. 2010 ஏப்ரல் 13 அன்று சுரபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேத்தே பசிபிக் விமானத்தில், நிலத்தடிக் குழாயில் புகுந்த உப்புநீர் பட்டு வடிகட்டியிலுள்ள நீருறிஞ்சிப் பொருள் சிதைந்து, நுண்ணுருண்டைகளாக எரிபொருளில் கலந்து, இரு எஞ்சின்களின் எரிபொருள் வால்வுகளையும் இறுகச்செய்தது. வேகத்தைக் குறைக்க இயலாத நிலையிலும் விமானிகள் 322 பேரோடு தரையிறக்கினார்கள்.

நம்மால் செய்யக்கூடியவை அதிகமில்லை; செய்யக்கூடியதையும் நாம் செய்வதில்லை. பங்க்கில் வடிதாள் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அதில் ஒரு சொட்டுப் பெட்ரோலை விட்டால், நல்ல பெட்ரோல் கறையில்லாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விட்டுச்செல்லும். அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம்: 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டால் பெட்ரோல் ஒரு கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கும், டேங்கரோடு வந்த சீட்டில் குறித்த எண்ணுக்கும் பங்க்கில் அளந்ததற்கும் 3 கிலோவுக்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நிலத்தடித் தொட்டியில் விடும் அளவுகோலின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவிப் பார்ப்பது பங்க்காரர்களின் அன்றாடக் கடமை. அடைமழை பெய்த மறுநாள் காலையில் அதைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கஷ்டம் நிரூபணத்தில்தான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ம் பிரிவு, பரிசோதனையின்றி முடிவுசெய்ய இயலாத குறையென்றால், புகார்தாரரிடமிருந்தே பொருளின் மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி மாவட்ட ஆணையத்துக்குச் சொல்கிறது. எரிபொருளின் சுபாவமோ எரிந்து தீர்வது. அல்லது அடுத்த பங்க்கில் நிரப்பியதோடு கலந்துவிடுவது. ஆகையால் நிரப்பிய சற்று நேரத்தில் வண்டி நின்றால், பில்லைப் பத்திரப்படுத்தி, ஒர்க் ஷாப்பில் தொட்டியை இறக்குமுன் பங்க்காரருக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் தகவல் சொல்லி, அவர்கள் ஆளையோ அக்கம்பக்கத்தாரையோ வைத்துக்கொண்டு, சுத்தமான கண்ணாடி பாட்டில்கள் இரண்டில் மாதிரி எடுத்து, தேதியும் வண்டி நம்பரும் எழுதி, கையெழுத்து வாங்கி மூடிவைக்கவேண்டும். பங்க்கில் டேங்கர் இறக்கும்போது எடுத்து வைக்கும் மாதிரியோடு இதை ஒப்பிடச் சொல்லியும் கேட்கலாம். நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், வண்டிக்காரர் டீக்கடையில் நின்று போனில் பங்க்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், ஷெட் பையன் தொட்டியிலிருந்து இறக்கியதைத் தட்டில் ஊற்றி, அதிலேயே நட்டு போல்ட்டுகளைக் கழுவி முடித்துவிடுகிறான்.